குழந்தைகளுக்கு மூளையுறை அழற்சி: அறிகுறிகளை அடையாளம் காண்பது எப்படி? பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குழந்தைகளுக்கு வருகிற காய்ச்சல்களில் பெரும்பாலானவை இரண்டு மூன்று நாளில் தானாகத் தணிந்துவிடும். மூளையுறை அழற்சி அந்த வகையைச் சேர்ந்ததல்ல. ஆனால் முதல் சில மணி நேரம் அதுவும் சாதாரணக் காய்ச்சலைப் போலத்தான் இருக்கும். அந்த நேரத்தில் எதைப் பார்க்க வேண்டும், எது வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது என்பதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

உங்கள் குழந்தை இப்போது காய்ச்சலோடு எழுப்பியும் விழிக்காமல் கிடந்தாலோ, வலிப்பு வந்திருந்தாலோ, தோலில் அழுத்தினாலும் மறையாத புள்ளிகள் தெரிந்தாலோ, மேற்கொண்டு படிக்க வேண்டாம். குழந்தைகளுக்கு அவசர சிகிச்சை தரும் மருத்துவமனைக்கு உடனே கிளம்புங்கள்.

மூளையுறை அழற்சி என்றால் என்ன? மூளைக்காய்ச்சல் என்று சொல்வதும் இதைத்தானா?

மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி மூன்று உறைகள் இருக்கின்றன. உள்ளே உள்ள இரண்டு உறைகளுக்கு நடுவே தெளிந்த நீர் ஓடிக்கொண்டிருக்கும். கிருமி அந்த இடத்துக்குள் புகுந்து உறைகளை வீங்க வைப்பதே மூளையுறை அழற்சி. மருத்துவமனையில் மெனிஞ்சைட்டிஸ் என்பார்கள். வீக்கம் கூடக் கூட மண்டைக்குள் அழுத்தம் ஏறும். தலைவலி, வாந்தி, மயக்கமான தூக்கம், வலிப்பு எல்லாவற்றிலும் அந்த அழுத்தத்துக்குப் பங்கு உண்டு.

பேச்சு வழக்கில் மூளைக்காய்ச்சல் என்று இதையும் சொல்கிறோம், மூளைத் திசுவையே தாக்கும் என்செபலைட்டிஸையும் சொல்கிறோம். வீட்டில் இருக்கும் பெற்றோருக்கு இந்த வேறுபாடு முக்கியமில்லை. இரண்டுமே உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நோய்கள்.

எந்தக் கிருமியால் வருகிறது? எல்லாமே ஆபத்தானவையா?

அதிகம் வருவது வைரஸால். குறிப்பாக என்டெரோவைரஸ் வகைகள். அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் ஒரு வாரம் பத்து நாளில் தேறிவிடுவார்கள். பச்சிளங்குழந்தையைத் தாக்கும் ஹெர்ப்பிஸ் வைரஸ் இதற்கு விலக்கு. அது மிகக் கொடியது.

உயிருக்கு உலை வைப்பது பாக்டீரியா வகைதான். மெனிஞ்சோகாக்கஸ், நியூமோகாக்கஸ், ஹிப் என்று சுருக்கி அழைக்கப்படும் ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுயென்சே டைப் பி ஆகிய மூன்றும் முக்கியமானவை. பிறந்து சில வாரமே ஆன குழந்தைக்கு என்றால் குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஈ. கோலை, சில நேரம் லிஸ்டீரியா. பாக்டீரியாவால் இந்த நோய் வருபவர்களில் ஏறத்தாழ 6 பேரில் ஒருவர் இறக்கிறார், 5 பேரில் ஒருவருக்குக் கடுமையான பின்விளைவுகள் தங்கிவிடுகின்றன என்கிறது உலக சுகாதார நிறுவனம். காசநோய்க் கிருமியால் வருவது தனி ரகம். அதன் போக்கே வேறு என்பதால் கீழே தனியாகச் சொல்கிறேன்.

வந்திருப்பது வைரஸா பாக்டீரியாவா என்று குழந்தையின் முகத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அனுபவமுள்ள குழந்தை மருத்துவராலும் முடியாது. பரிசோதனை செய்துதான் தெரியும். அதனால் "வைரஸாகத்தான் இருக்கும், பார்த்துக்கொள்ளலாம்" என்ற முடிவை வீட்டில் எடுக்காதீர்கள்.

கைக்குழந்தைக்கு என்ன அறிகுறிகள் தெரியும்?

இந்தக் கேள்விக்குத்தான் அதிகம் மெனக்கெட வேண்டும். கைக்குழந்தையால் தலை வலிக்கிறது என்று சொல்ல முடியாது. பெரியவர்களுக்கு வருவது போலக் கழுத்து விறைப்பதும் பல குழந்தைகளுக்கு இருக்காது. ஒன்றரை வயதுக்குக் கீழே கழுத்து நன்றாக வளைவதால் நோய் இல்லை என்று சொல்லிவிடவே முடியாது.

முதலில் மாறுவது பால் குடிப்பது. நன்றாகக் குடித்த குழந்தை மார்பில் வைத்தாலும் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுத் தூங்கிவிடும், அல்லது வாயே வைக்காது. அழுகை மாறும். பசிக்கு அழுவது, தூக்கத்துக்கு அழுவது எல்லாம் அம்மாவுக்குப் பிரித்துத் தெரியும்; இது இரண்டிலும் சேராமல் கீச்சென்று உச்சக் குரலில் வீறிடுவதாக இருக்கும். அல்லது அதற்கு நேர் எதிராக, அழவே தெம்பில்லாமல் முனகிக்கொண்டே இருக்கும்.

இன்னொரு அடையாளத்தைப் பலர் கவனிப்பதில்லை. சாதாரணமாக அழும் குழந்தையைத் தூக்கி அணைத்தால் அமைதியாகும். மூளையுறை வீங்கிய குழந்தையைத் தூக்கினால் அழுகை கூடும்; கீழே அசையாமல் கிடத்தினால் குறையும். அசைக்கும்போது வீங்கிய உறைகள் இழுபட்டு வலிப்பதே இதற்குக் காரணம். டயப்பர் மாற்றக் காலைத் தூக்கும்போதெல்லாம் வீறிட்டால் அதையும் கவனத்தில் வையுங்கள்.

உடம்பு துணி போலத் துவண்டு போகலாம், அல்லது விறைத்து முதுகு பின்பக்கமாக வில்லாக வளையலாம். கண்கள் நிலைக்குத்திப் போவது, ஒரு கை மட்டும் வெட்டி வெட்டி இழுப்பது, வாயைச் சப்புக்கொட்டிக்கொண்டே இருப்பது, சில நொடி மூச்சு நின்று மீண்டும் வருவது ஆகியவை பச்சிளங்குழந்தையிடம் வலிப்பாக இருக்கலாம். பெரியவர்களுக்கு வருவது போல உடம்பெல்லாம் உதற வேண்டும் என்பதில்லை.

காய்ச்சல் இருந்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. பிறந்து சில வாரமே ஆன குழந்தைக்கு உடம்பு சூடு குறைந்து சில்லென்று ஆவதும் தொற்றின் அடையாளம்தான். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட்டோ அதற்கு மேலோ காய்ச்சல் வந்தால், வேறு எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும் அன்றைக்கே, இரவானாலும், மருத்துவர் பார்க்க வேண்டும். இதில் எந்த விதிவிலக்கும் எனக்குச் சரியாகப் படவில்லை.

உச்சிக்குழி வீங்கியிருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

தலை உச்சியில் எலும்பு இன்னும் மூடாத மெத்தென்ற இடம்தான் உச்சிக்குழி. பெரும்பாலான குழந்தைகளுக்கு அது ஒன்று முதல் ஒன்றரை வயதுக்குள் மூடிவிடும். குழந்தை அழாமல் இருக்கும்போது நிமிர்த்தி உட்கார்ந்த நிலையில் பிடித்துக்கொண்டு விரல் நுனியால் மெல்லத் தடவுங்கள். மண்டையோட்டு மட்டத்திலோ சற்றே பள்ளமாகவோ இருந்தால் இயல்பு. மேலே புடைத்துக்கொண்டு இறுக்கமாக இருந்தால் உள்ளே அழுத்தம் கூடியிருக்கிறது என்று பொருள்.

அழும்போதும் படுத்திருக்கும்போதும் எல்லாக் குழந்தைக்கும் கொஞ்சம் மேலெழும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். அதே சமயம், உச்சிக்குழி இயல்பாக இருப்பதை வைத்து நிம்மதியும் அடைய வேண்டாம். வாந்தியாலும் பால் குடிக்காததாலும் உடலில் நீர் வற்றியிருந்தால், உள்ளே நோய் இருந்தும் புடைப்பு தெரியாமல் போகலாம்.

பேசத் தெரிந்த குழந்தைகளுக்கு?

தலைவலி, காய்ச்சல், வாந்தி, கழுத்து விறைப்பு, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமை. புத்தகங்கள் சொல்கிற அறிகுறிகள் இவை. இந்த வயதில் இவை பெரும்பாலும் பொருந்தும். ஆனால் ஐந்தும் ஒன்றாக வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். காய்ச்சலும் வாந்தியும் மட்டும் முதலில் வந்தால் வயிற்றுக் கோளாறு என்றே தோன்றும். வயிற்றுப்போக்கு இல்லாமல் வாந்தி மட்டும் விடாமல் இருந்து, கூடவே குழந்தை தலையைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளித்தால் மனதில் மணி அடிக்க வேண்டும்.

குழந்தை படுத்திருக்கும் விதத்தையும் பாருங்கள். ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒருக்களித்துச் சுருண்டு, கண்ணை மூடிக் கிடக்கும். உட்கார வைத்தால் இரண்டு கைகளையும் பின்னால் ஊன்றி, முதுகையும் கழுத்தையும் வளைக்காமல் உட்காரும்.

என் பார்வையில் எல்லாவற்றையும்விடப் பெரிய எச்சரிக்கை, குழந்தையின் புத்தித் தெளிவு மாறுவது. கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில், தெரிந்தவர்களை அடையாளம் தெரியாமல் விழிப்பது, காரணமில்லாமல் மூர்க்கமாக அடிப்பது கடிப்பது, உளறல், நடக்கும்போது தள்ளாட்டம். காய்ச்சல் ஏறும்போது சில குழந்தைகள் உளறுவது உண்டுதான். காய்ச்சல் தணிந்த பிறகும் தெளிவு வராவிட்டால் ஒரு நிமிடமும் யோசிக்க வேண்டாம்.

கழுத்து விறைப்பை வீட்டில் சோதிக்கலாமா?

சோதிக்கலாம். ஆனால் நீங்களாகக் கழுத்தைப் பிடித்து வளைக்காதீர்கள். குழந்தையையே மோவாய் நெஞ்சைத் தொடும்படி குனியச் சொல்லுங்கள், அல்லது "உன் முழங்காலுக்கு ஒரு முத்தம் கொடு" என்று சொல்லுங்கள். மூளையுறை வீங்கியிருந்தால் முன்பக்கம் குனிவதுதான் முடியாது; இடமும் வலமும் ஓரளவு திருப்ப முடியும். தொண்டைப் புண்ணாலோ கழுத்து நெறிகட்டுவதாலோ வரும் வலி பெரும்பாலும் ஒரு பக்கமாக, திருப்பும்போது அதிகமாக இருக்கும்.

மருத்துவர்கள் காலை மடக்கி நீட்டிப் பார்க்கும் கெர்னிக் சோதனை, கழுத்தைத் தூக்கினால் முழங்கால் தானாக மடங்குகிறதா என்று பார்க்கும் புருட்ஜின்ஸ்கி சோதனை இரண்டும் நூறு ஆண்டுக்கு மேல் பழையவை. அவை இருந்தால் சந்தேகம் வலுக்கும். இல்லை என்பதால் நோய் இல்லை என்று அவர்களும் முடிவு கட்டமாட்டார்கள்.

தோலில் வரும் புள்ளிகள் பற்றிச் சொல்கிறார்களே, கண்ணாடி டம்ளர் சோதனை என்றால் என்ன?

மெனிஞ்சோகாக்கஸ் போன்ற கிருமிகள் ரத்தத்தில் பெருகும்போது மிகச் சிறிய ரத்தக் குழாய்கள் கசிந்து தோலுக்கு அடியில் ரத்தம் தேங்கும். ஆரம்பத்தில் ஊசி முனையால் குத்தியது போல் சிவப்பாகவோ கருஞ்சிவப்பாகவோ புள்ளிகள். சில மணி நேரத்திலேயே அவை பரவி, அடிபட்டுக் கன்றியது போன்ற ஊதாத் திட்டுகளாகலாம்.

கண்ணாடி டம்ளரின் பக்கவாட்டை அந்தப் புள்ளிமேல் அழுத்திப் பிடித்துக் கண்ணாடி வழியாகப் பாருங்கள். சாதாரணத் தடிப்பு என்றால் அழுத்தும்போது நிறம் வெளுத்து மறையும். ரத்தக் கசிவாக இருந்தால் மறையாது. காய்ச்சலுள்ள குழந்தைக்கு மறையாத புள்ளி தெரிந்தால் அது அவசரம். பலமாக இருமினாலோ வாந்தி எடுத்தாலோ முகத்தில் இப்படிப் புள்ளி வரலாம்; டெங்கு முதலிய காய்ச்சல்களிலும் வரலாம். எதனால் வந்தது என்பதை மருத்துவமனையில் கண்டுபிடிக்கட்டும்.

கறுத்த, மாநிறத் தோலில் இந்தப் புள்ளிகள் சட்டென்று கண்ணில் படாது. உள்ளங்கை, உள்ளங்கால், வயிறு, கீழ் இமையை இழுத்தால் தெரியும் உட்புறம், வாயின் மேலண்ணம் ஆகிய வெளிறிய இடங்களில் நல்ல வெளிச்சத்தில் தேடுங்கள். உடுப்பு முழுவதையும் கழற்றிவிட்டுப் பாருங்கள். முதலில் மறைந்த தடிப்பு பிறகு மறையாத புள்ளியாக மாறுவதும் உண்டு என்பதால் ஒரு தடவை பார்த்ததோடு விடாதீர்கள்.

இதைவிட முக்கியமானது, புள்ளி வருகிறதா என்று காத்திருக்கவே கூடாது என்பது. பலருக்குப் புள்ளியே வராது. வருபவர்களுக்கும் நோய் முற்றிய பிறகு வரலாம்.

அப்படியென்றால் அதற்கும் முன்னால் தெரியக்கூடிய அறிகுறி ஏதாவது உண்டா?

உண்டு. மெனிஞ்சோகாக்கஸ் நோய் தாக்கிய 16 வயது வரையிலான 448 குழந்தைகளின் விவரங்களைச் சேகரித்து பிரிட்டனில் ஓர் ஆய்வு செய்தார்கள், 2006-ல் வெளிவந்தது. முதல் நான்கு முதல் ஆறு மணி நேரம் பெரும்பாலான குழந்தைகளுக்கு எல்லாக் காய்ச்சலிலும் வரும் பொதுவான தொந்தரவுகள்தான். ஆனால் 72 விழுக்காடு குழந்தைகளுக்கு மூன்று அறிகுறிகளில் ஏதாவது ஒன்று சீக்கிரமே வந்திருந்தது: கால் வலி, கை கால் சில்லிடுவது, தோல் நிறம் மாறுவது. அவை தோன்றியது ஏறத்தாழ 8-வது மணி நேரத்தில். குழந்தைகள் மருத்துவமனையில் சேர்ந்ததோ ஏறத்தாழ 19-வது மணி நேரத்தில். இடையில் இருக்கும் அந்தப் பதினொரு மணி நேரத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் பதைக்கிறது. கழுத்து விறைப்பும் மறையாத புள்ளிகளும் நினைவு தடுமாறுவதும் 13-வது மணி நேரத்துக்குப் பிறகுதான் தலைகாட்டின.

உடம்பு அனலாகக் கொதிக்கிறது, கையும் காலும் மட்டும் பனிக்கட்டி. உதட்டைச் சுற்றி வெளிறியோ நீலம் பாய்ந்தோ இருக்கிறது. தோல் திட்டுத் திட்டாகத் தெரிகிறது. விழாமல் அடிபடாமல் கால் வலிக்கிறது என்று நடக்க மறுக்கிறது. மூச்சு வேகமாக இருக்கிறது. இவை ரத்தத்தில் தொற்று பரவுவதன் அடையாளங்கள். காய்ச்சல் ஏறும்போது குளிர் நடுக்கத்தில் கை கால் கொஞ்சம் சில்லிடுவது இயல்புதான்; அது சற்று நேரத்தில் சரியாகிவிடும். சரியாகாமல் நீடித்தால், குழந்தை சோர்ந்தும் போயிருந்தால், மருத்துவமனைக்குக் கிளம்ப வேறொரு அறிகுறியும் வர வேண்டியதில்லை.

எளிமையாக ஒன்று செய்து பார்க்கலாம். நெஞ்சு எலும்பின்மேல் விரலால் ஐந்து நொடி அழுத்திவிட்டு எடுங்கள். வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். அதற்கு மேல் தாமதமானால் ரத்த ஓட்டம் குறைந்திருக்கிறது.

பாராசிட்டமால் கொடுத்ததும் காய்ச்சல் இறங்கிவிட்டது. பயப்பட வேண்டாம்தானே?

காய்ச்சல் இறங்குவது மருந்து வேலை செய்ததைத்தான் காட்டும். பாக்டீரியா மூளையுறை அழற்சியிலும் பாராசிட்டமால் கொடுத்தால் சூடு குறையும். பார்க்க வேண்டியது தெர்மாமீட்டரில் தெரியும் எண்ணை அல்ல, குழந்தையின் நடத்தையை. சூடு இறங்கியதும் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டு, பொம்மையைத் தேடினால் நல்லது. சூடு இறங்கியும் அதே மந்தம், அதே முனகல் என்றால் நல்லதல்ல. குழந்தைகளுக்குக் காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது.

தூங்குகிறதா, மயங்கிக் கிடக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எழுப்பிப் பாருங்கள். நோயுற்ற குழந்தையை எழுப்பக் கூடாது என்று வீட்டில் யாராவது தடுத்தாலும், இந்தச் சந்தேகம் இருக்கும் இரவில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்பத்தான் வேண்டும். தூங்கும் குழந்தை சிணுங்கும், கையைத் தட்டிவிடும், கண்ணைத் திறந்து உங்களைப் பார்க்கும். கண்ணைத் திறந்தும் உங்கள் முகத்தில் பார்வை நிலைக்காமல் மறுபடி சரிந்துவிட்டால் அது தூக்கமல்ல.

வலிப்பு வந்தது. காய்ச்சல் வலிப்பா, மூளையுறை அழற்சியா?

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை காய்ச்சலின்போது வலிப்பு வருவது பரவலாகக் காணப்படுவதுதான். பெரும்பாலும் சில நிமிடத்தில் நின்று, சற்று நேரத்தில் குழந்தை பழையபடி தெளிந்துவிடும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு வந்தால், 15 நிமிடத்துக்கு மேல் நீடித்தால், உடம்பின் ஒரு பக்கம் மட்டும் இழுத்தால், ஒரே நாளில் திரும்ப வந்தால், வலிப்பு நின்று ஒரு மணி நேரமாகியும் குழந்தை தெளியாவிட்டால் அது சாதாரணக் காய்ச்சல் வலிப்பு என்று எடுத்துக்கொள்ள முடியாது. வாழ்நாளில் முதல் தடவையாக வரும் வலிப்பு எதுவானாலும் மருத்துவர் பார்த்தாக வேண்டும். ஐந்து நிமிடத்தில் நிற்காத வலிப்புக்கு உடனே ஆம்புலன்ஸ் அழையுங்கள்.

காலையில் டாக்டர் பார்த்து "வைரல் காய்ச்சல்தான்" என்று அனுப்பிவிட்டார். மாலையில் மோசமாகிறது. திரும்பப் போனால் தவறாக நினைப்பாரா?

போங்கள். அவர் காலையில் சொன்னது காலையில் பார்த்த குழந்தையைப் பற்றி. இந்த நோயில் காலையில் எதுவும் தெரியாமல் மாலையில் எல்லாம் வெளிப்படுவது நடக்கக்கூடியதே. முதல் பரிசோதனையில் கண்டுபிடிக்க முடியாமல் போனதற்கு அவருடைய அலட்சியம்தான் காரணம் என்றும் சொல்ல முடியாது.

திரும்பப் போகும்போது தயங்கித் தயங்கிப் பேசாதீர்கள். "காலையில் இருந்ததற்கும் இப்போதைக்கும் வித்தியாசம் இருக்கிறது. காலையில் உட்கார்ந்தாள், இப்போது உட்கார மாட்டேன் என்கிறாள். மூன்று முறை வாந்தி. ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை. மூளைக்காய்ச்சலாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது, அதை மனதில் வைத்துப் பாருங்கள்" என்று நேரடியாகச் சொல்லுங்கள். நோயின் பெயரைச் சொல்வதால் டாக்டருக்குப் பாடம் நடத்துவதாக ஆகாது. "என் பிள்ளை எப்போதும் இப்படி இருக்கமாட்டான்" என்று தாயோ தந்தையோ சொல்வதையே ஓர் எச்சரிக்கை அறிகுறியாக எடுத்துக்கொள்ள வேண்டும் என மருத்துவ வழிகாட்டிகளும் சொல்கின்றன.

பக்கத்து வீட்டாரும் பெரியவர்களும் "பல் முளைக்கிறது, அதுதான்" என்று சொல்லலாம். அன்பாகத்தான் சொல்வார்கள். பல் முளைப்பதால் குழந்தை நினைவு தப்பாது, தொடர்ந்து வாந்தி எடுக்காது, 39 டிகிரி காய்ச்சலும் வராது.

வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக் சிரப்பைக் கொடுக்கலாமா?

கூடாது. வாய்வழியாகக் கொடுக்கும் சாதாரண அளவு மூளையுறைக்குள் போதுமான அளவில் போய்ச் சேராது. நோய் தீராது, அடங்கியது போல் தோற்றம் காட்டும். பிறகு எடுக்கும் பரிசோதனையில் கிருமி வளராமல் எது காரணம் என்று கண்டுபிடிப்பதும் சிக்கலாகும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மருந்தின் பெயர், எத்தனை வேளை கொடுத்தீர்கள் என்பது மருத்துவருக்கு மிகவும் தேவைப்படும் தகவல். பாட்டிலையே எடுத்துச் செல்லலாம்.

நாள்கணக்கில் மெல்ல மெல்ல வருவதும் உண்டா?

காசநோய்க் கிருமியால் வருவது அப்படித்தான். ஓரிரு வாரம், சில நேரம் அதற்கு மேலும், லேசான காய்ச்சல் வந்து வந்து போகும். குழந்தை விளையாட்டில் நாட்டம் இழக்கும், சாப்பாடு குறையும், எடை இறங்கும், எதற்கெடுத்தாலும் எரிச்சல். காலையில் எழுந்ததும் தலைவலியோடு வாந்தி. பள்ளிக்குப் போக அடம்பிடிப்பதாகவே வீட்டில் நினைப்பார்கள். பிறகு மாறுகண் விழுவது, ஒரு பக்கக் கை கால் தளர்வது, மயக்கம் என்று வேகமெடுக்கும். ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களே அதிகம் பாதிக்கப்படுகிறார்கள்.

வீட்டிலோ நெருங்கிப் பழகுபவர்களிலோ யாருக்காவது காசநோயோ நாள்பட்ட இருமலோ இருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். கூச்சத்தால் இதை மறைப்பவர்கள் நிறையப் பேர். மயக்கம் வருவதற்கு முன்னால் சிகிச்சை தொடங்கிய குழந்தைக்கும் பின்னால் தொடங்கிய குழந்தைக்கும் இடையே எதிர்காலமே வேறுபட்டுவிடும்.

மருத்துவமனைக்குப் போகும் வழியில் என்ன செய்வது?

மந்தமாக இருக்கும் குழந்தைக்கு வாய்வழியாக எதுவும் கொடுக்காதீர்கள், புரை ஏறிவிடும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வலிப்பு வந்தால் வாயில் கரண்டியோ விரலோ வைக்க வேண்டாம், கை கால்களை அழுத்திப் பிடிக்க வேண்டாம், கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கூட ஒருவர் இருந்தால் வலிப்பைக் கைப்பேசியில் படம் எடுக்கலாம்; மருத்துவருக்குப் பத்து வாக்கிய விளக்கத்தைவிட அது உதவும். தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் தேடிக்கொண்டிருக்காமல் கிளம்புங்கள்.

முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்தால் கால் விளங்காமல் போகும் என்கிறார்களே?

இந்தப் பயத்தால் கையெழுத்துப் போட மறுக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். தண்டுவடம் இடுப்பு வரை முழுவதும் ஓடுவதில்லை. அதற்கு மேலேயே முடிந்துவிடுகிறது. ஊசி குத்துவது தண்டுவடம் முடிந்த இடத்துக்குக் கீழே, நரம்பு இழைகள் நீரில் மிதந்துகொண்டிருக்கும் பகுதியில். அங்கே குத்துவதால் தண்டுவடம் அறுபடாது. ஹைன்ரிக் குவின்கே என்ற ஜெர்மானிய மருத்துவர் 1891-ல் விவரித்த முறை இது; இன்றும் உலகம் முழுக்க நாள்தோறும் செய்யப்படுகிறது. பிறகு ஓரிரு நாள் தலைவலியோ குத்திய இடத்தில் வலியோ இருக்கலாம். எடுக்கும் நீரும் கொஞ்சம்தான், உடல் அதைச் சுரந்துகொண்டே இருக்கிறது. கால் விளங்காமல் போன குழந்தைகளைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருந்தால், பெரும்பாலும் அது நோய் செய்த வேலையாக இருக்கும்.

அந்த நீர் கலங்கலாக, சர்க்கரை குறைந்து, புரதம் கூடி, நியூட்ரோஃபில் என்ற வகை வெள்ளை அணுக்கள் நிறைந்திருந்தால் பாக்டீரியா. தெளிவாக, சர்க்கரை குறையாமல், லிம்ஃபோசைட் என்ற வகை வெள்ளை அணுக்கள் கூடியிருந்தால் பெரும்பாலும் வைரஸ். எந்த மருந்து, எத்தனை நாள் என்பதெல்லாம் இதை வைத்தே முடிவாகும். கிருமியைப் பொறுத்து ஊசி மருந்து ஒரு வாரம் முதல் மூன்று வாரம் வரை போகும். காசநோய் என்றால் மாதக்கணக்கில். மண்டைக்குள் அழுத்தம் மிகக் கூடியிருந்தாலோ ரத்தம் உறைவதில் சிக்கல் இருந்தாலோ இந்தச் சோதனையைத் தள்ளிப்போடுவார்கள். ஆனால் செஃப்ட்ரையாக்சோன் போன்ற ஆன்டிபயாடிக்கின் முதல் ஊசி அதற்காகக் காத்திருக்காது, காத்திருக்கவும் கூடாது.

மற்ற பிள்ளைகளுக்குத் தொற்றுமா?

கிருமியைப் பொறுத்தது. மெனிஞ்சோகாக்கஸ் எச்சில், சளித் துளிகள் வழியாக, ஒரே வீட்டில் வசிப்பது போன்ற நெருங்கிய பழக்கத்தில் தொற்றும். ஏறத்தாழ பத்தில் ஒருவர் எந்த நோயும் இல்லாமல் அதைத் தொண்டையில் சுமந்துகொண்டிருக்கலாம். உறுதியானால் வீட்டில் உள்ளவர்களுக்கு ரிஃபாம்பிசின், சிப்ரோஃபிளாக்சசின், செஃப்ட்ரையாக்சோன் இவற்றில் ஒன்றைத் தடுப்பாகக் கொடுப்பார்கள். ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீரும் கண்ணீரும் ஆரஞ்சு நிறமாகும், பயப்பட வேண்டாம். வகுப்பில் எதிர் மூலையில் உட்கார்ந்த பிள்ளைக்கு இது பொதுவாகத் தேவைப்படாது.

எல்லாத் தடுப்பூசியும் போட்டாயிற்று. இனி வராதுதானே?

வரும் வாய்ப்பு பெருமளவு குறைந்துவிட்டது, அறவே நீங்கவில்லை. ஹிப், நியூமோகாக்கஸ், மெனிஞ்சோகாக்கஸ் தடுப்பூசிகள் கொடிய கிருமிகளை நேரடியாகத் தடுக்கின்றன. எம்எம்ஆர், பொன்னுக்குவீங்கி வைரஸால் வரும் அழற்சியைத் தடுக்கிறது. பிசிஜி, குழந்தைகளுக்குக் காசநோய் மூளை வரை போவதைத் தடுக்க உதவுகிறது. ஆப்பிரிக்காவில் செனகல் முதல் எத்தியோப்பியா வரையுள்ள நாடுகளில் மெனிஞ்சோகாக்கஸ் ஏ வகை அலை அலையாக உயிர்களைக் கொண்டுபோனது. 2010-ல் அதற்கென உருவாக்கிய தடுப்பூசி வந்த பிறகு அந்த வகை 99 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. தடுப்பூசியின் மேல் நம்பிக்கை வைக்க இதைவிடச் சான்று தேவையில்லை.

ஆனாலும் ஒவ்வொரு கிருமிக்குள்ளும் பல உட்பிரிவுகள் உண்டு. எல்லாவற்றுக்கும் ஊசி இல்லை. ஆகவே தடுப்பூசி அட்டை நிரம்பியிருந்தாலும் மேலே சொன்ன அறிகுறிகளுக்கு அதே மதிப்புக் கொடுங்கள். மண்ணீரல் இல்லாத குழந்தைகள், காது கேட்பதற்காக உள்காதில் வைக்கும் காக்ளியர் இம்பிளாண்ட் கருவியைப் பொருத்தியவர்கள், மண்டையோட்டில் முறிவு ஏற்பட்டவர்கள், எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள் இவர்களுக்குக் கூடுதல் தடுப்பூசி தேவையா என்று மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். ஒருமுறை வந்து குணமானவர்களுக்கும் வேறு கிருமியால் மறுபடி வரலாம். அப்படி இரண்டாம் முறை வந்தால் அடிப்படையில் என்ன குறை என்று தேடிப் பார்க்க வேண்டும்.

குணமாகி வீட்டுக்கு வந்த பிறகு எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் காது. பாக்டீரியா வகைக்குப் பிறகு அதிகம் காணப்படும் பின்விளைவு செவித்திறன் குறைவு. டிஸ்சார்ஜுக்கு முன்போ, இல்லையென்றால் நான்கு வாரத்துக்குள்ளோ செவித்திறன் பரிசோதனை நடக்க வேண்டும். உங்களிடம் யாரும் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். கூப்பிட்டால் திரும்புகிறதே என்று விட்டுவிடாதீர்கள். ஒரு காது மட்டும் பாதிக்கப்பட்டிருந்தால் வீட்டில் தெரியாது. உள்காதில் எலும்பு வளர்ந்து அடைத்துக்கொண்டால் பிறகு காக்ளியர் இம்பிளாண்ட் வைப்பது கடினமாகிவிடும் என்பதால் இங்கேயும் தாமதம் விலை கொடுக்க வைக்கும்.

முதல் சில வாரங்களில் அசதி, தலைவலி, முன்கோபம், படுக்கையில் சிறுநீர் போவது, கற்றுக்கொண்ட சொற்களோ நடையோ பின்வாங்குவது எல்லாம் வரலாம். பெரும்பாலும் மெல்லச் சரியாகும். தலை வேகமாகப் பெருத்தால், வாந்தியும் மந்தமும் திரும்பினால், மூளையில் நீர் கோத்திருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும்.

சில பாதிப்புகள் பள்ளி செல்லும் வயதில்தான் வெளியே தெரியும். கவனம் சிதறுவதும் நினைவில் நிற்காததும் சோம்பேறித்தனமாகத் தோன்றிக் குழந்தை திட்டு வாங்கும். ஆசிரியரிடமும், அப்போது பார்க்கும் மருத்துவரிடமும், சின்ன வயதில் இந்த நோய் வந்ததைச் சொல்லுங்கள். எந்தக் கிருமி, எத்தனை நாள் சிகிச்சை, வலிப்பு வந்ததா என்பதெல்லாம் டிஸ்சார்ஜ் தாளில் இருக்கும். அதைத் தடுப்பூசி அட்டையோடு சேர்த்து வைத்துவிடுங்கள்.